சார்ஜ் தீர்ந்து பாதி வழியில் நின்றுவிடுமா? தோட்டத்து ஊரில் மின்கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒட்டுக்கடை ஓரமாகக் காரை நிறுத்திவிட்டுத் தே தாரிக் சொல்லி உட்கார்ந்தால், கிளாஸ் மேசைக்கு வருவதற்குள் கேள்வி வந்துவிடும். "அண்ணே, இது பாதி வழியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" விலையைக் கேட்க மாட்டார்கள், வேகத்தைக் கேட்க மாட்டார்கள். நின்றுவிட்டால்? அது ஒன்றுதான்.

பேராக்கில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்வி நியாயமானது. கோலாலம்பூர்க்காரருக்குப் பேரங்காடிக்குப் பேரங்காடி சார்ஜர் உண்டு. நமக்கு ஈப்போ ஒரு பக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கோலகங்சார் மறுபக்கம். லாசா, லிந்தாங் பக்கம் திரும்பினால் பால்மரமும் செம்பனையும்தான். சில தோட்டங்களில் போனுக்கே லைன் கிடைக்காது, சார்ஜருக்கு எங்கே போவது? 2025-க்குள் நாடு முழுவதும் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. அந்த ஆண்டு முடிந்தபோது எண்ணிக்கை அதைத் தொடவில்லை. இருப்பவையும் பெரும்பாலும் பெரிய பட்டணங்களில்தான்.

நான் இந்த ஊரிலிருந்து மின்கார் ஓட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை ஒருமுறைகூட சார்ஜ் தீர்ந்து நின்றதில்லை. ஆனால் நிறையப் பயந்திருக்கிறேன். பயந்த ஒவ்வொரு தடவையையும் திரும்பிப் பார்த்தால், பேட்டரி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. காலை வாரியது நான் நம்பிப் போன சார்ஜர். ஒன்று கெட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் யாராவது மறித்து நிறுத்தியிருப்பார்கள். கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

முதல் படி: விளம்பரத் தூரத்தை மறந்துவிடுங்கள்

கடையில் காரைக் காட்டும்போது ஒரு தூரம் சொல்வார்கள். எந்த அளவுகோலில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். என்இடிசி என்பது பழைய ஐரோப்பிய முறை, ரொம்பத் தாராளம். டபிள்யூஎல்டிபி என்பது அதற்குப் பின் வந்தது, நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கும். ஒரே பிஒய்டி ஆட்டோ 3, பெரிய பேட்டரியோடு, முதல் முறையில் 480 கிலோமீட்டர், இரண்டாவது முறையில் 420. கார் மாறவில்லை, பேட்டரி மாறவில்லை, அளந்த விதம் மட்டும் மாறியது. புரோட்டோன் இ.மாஸ் 5-இன் சிறிய பேட்டரிக்கு டபிள்யூஎல்டிபி கணக்கில் 225, பெரியதற்கு 325. தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருபவருக்குச் சிறியதே போதும். மாதம் இரண்டு முறை கோலாலம்பூர் போகிறவர் அதை வாங்கினால் சாலையில் அதிக நேரம் சார்ஜர் பக்கத்தில்தான் கழியும்.

டபிள்யூஎல்டிபி எண்ணிலும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது என் வழக்கம். நம் வேகமும் நம் ஏசியும் அந்தச் சோதனைக்கூடத்தில் இருந்ததில்லை.

இரண்டாம் படி: உங்கள் காரின் "ஒரு விழுக்காடு எத்தனை கிலோமீட்டர்" என்பதைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மற்ற படிகளை மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்.

காரின் திரையில் மீதித் தூரம் கிலோமீட்டரில் தெரியும். அமைப்புக்குள் போய் அதை விழுக்காடாக மாற்றிவிடுங்கள். மீதித் தூரம் என்பது கார் போடும் ஒரு மனக்கணக்கு. கடைசியாக எப்படி ஓட்டினீர்களோ, இனிமேலும் அப்படியே ஓட்டுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு அது ஒரு எண்ணைச் சொல்லும். மேட்டில் ஏறினால் பயமுறுத்தும், பள்ளத்தில் இறங்கினால் ஆசை காட்டும். விழுக்காடு அப்படி ஆடாது. பாத்திரத்தில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று ஊகிக்காது.

பிறகு ஒரு வாரம் குறித்து வையுங்கள். புறப்படும்போது விழுக்காடு, போன தூரம், வந்து சேர்ந்தபோது விழுக்காடு. என் காரில் ஏறக்குறைய 50 யூனிட், அதாவது 50 கிலோவாட்-மணி, பேட்டரி. பழைய சாலை வழியாக ஈப்போ போய் வந்தால் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் பிடிக்கிறது. அதாவது ஒரு விழுக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மனத்தில் வைத்துக்கொள்ள "ஒன்றுக்கு மூன்று". 40 விழுக்காடு இருந்தால் 120 கிலோமீட்டர். இந்தக் கணக்கை ஓட்டிக்கொண்டே போடலாம், போன் வேண்டாம், செயலி வேண்டாம்.

உங்கள் காருக்கு அது ஒன்றுக்கு நாலாக இருக்கலாம், இரண்டரையாகவும் இருக்கலாம். அடுத்தவரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் செய்யுங்கள், சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி ஓட்டி, வேண்டுமென்றே சார்ஜைக் கீழே கொண்டுவாருங்கள். தாமான், பசார், பழைய ரயில் நிலையம், திரும்பவும் தாமான். 20-க்குக் கீழே வரும்போது என்ன நிறம் மாறுகிறது, 10-க்குக் கீழே என்ன மணி அடிக்கிறது, எப்போது காரின் இழுப்பு குறைகிறது என்று பாருங்கள். பல கார்களில் ரொம்பக் கீழே வந்ததும் ஆமைப் படம் வந்து வேகத்தைக் கட்டிப்போடும். அந்த ஆமையை முதல்முறையாக மெனோரா சுரங்கப்பாதைக்குப் பக்கத்து மேட்டில் லோரிகளுக்கு நடுவே பார்ப்பதைவிட, வீட்டு வாசலுக்கு ஐந்நூறு மீட்டரில் பார்ப்பது நல்லது. நான் 6 வரை போனேன். "யாருக்குப்பா சும்மா சும்மா சுத்துற?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார். பயத்தைப் பழக்குகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் படி: வீட்டுச் சார்ஜைச் சரி செய்யுங்கள்

தோட்டத்து ஊர்க்காரருக்குப் பட்டணத்து அடுக்குமாடிக்காரரை விட ஒரு வசதி உண்டு: நமக்கு வாசல் இருக்கிறது. வாசலில் காரை நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போட முடிந்தால், ஒவ்வொரு காலையும் முழு டாங்க்கோடு தொடங்குவது போலத்தான். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

சாதாரண மூன்று முள் பிளக்கில் போடும் கேபிள் ஏறக்குறைய 2 கிலோவாட் தரும். பத்து மணி நேரத்தில் வீணாவது போக 18 யூனிட் பேட்டரிக்குள் சேரும், என் கணக்கில் அது 120 கிலோமீட்டர். தினமும் 60 கிலோமீட்டர் ஓடுபவருக்குத் தாராளம். சுவரில் பொருத்தும் சார்ஜர் ஒரு பேஸ் மின்சாரத்திலேயே 7 கிலோவாட் வரை தரும், ஓர் இரவில் காலியான பேட்டரி நிரம்பிவிடும். 11 கிலோவாட் வேண்டுமென்றால் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய லயத்து வீடுகளிலும், எழுபது எண்பதுகளில் கட்டிய தாமான் வீடுகளிலும் வயரிங் காருக்காகப் போட்டதல்ல. கெட்டில் பத்து நிமிடம் இழுக்கும் மின்சாரத்தை இது பத்து மணி நேரம் இழுக்கும். என் அண்ணன் வீட்டில் நானே கண்ணால் பார்த்தேன். ஐம்பதடி எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு அப்படியே வைத்துக் காருக்குப் போட்டிருந்தார். காலையில் சுருளின் உள்பக்கம் பாகு மாதிரி ஒட்டிப்போயிருந்தது. பிளக்கின் ஒரு முள் பழுப்பாகிப் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் பல் பதிந்தது போலத் தடம். தீப்பிடிக்காதது அவர் செய்த புண்ணியம்.

ஆகவே பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், மின்கசிவுக்குத் துண்டிக்கும் கருவி மூன்றும் போடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லையென்றால் பல கேபிள்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். அது கோளாறு என்று நினைத்துத் திட்டாதீர்கள், உங்களைக் காப்பாற்றுகிறது. முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

செலவு? 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44 சென் சொச்சம். சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்தால் என் காருக்கு 100 கிலோமீட்டர் ஓட ஏழு வெள்ளி சொச்சம். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் போகும், அப்போது பெட்ரோலோடு பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால்தான் வீட்டுச் சார்ஜ் இல்லாதவருக்கு மின்காரை நான் இன்னும் சிபாரிசு செய்வதில்லை.

எவ்வளவு வரை ஏற்றுவது என்பது பேட்டரி வகையைப் பொறுத்தது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையென்றால் கையேடு சொல்கிறபடி அவ்வப்போது 100 வரை ஏற்றுங்கள். அப்போதுதான் காரின் விழுக்காட்டுக் கணக்கு சரியாக இருக்கும். ஏற்றாமலே விட்டால் 12 என்று காட்டிக்கொண்டிருந்து திடீரென்று 5-க்கு விழ வாய்ப்புண்டு. என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகையென்றால் தினசரிக்கு 80, தூரம் போகும் முதல் நாள் இரவு மட்டும் 100.

நான்காம் படி: எது சார்ஜைத் தின்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வேகம். முதலிடம் அதற்குத்தான், இரண்டாம் மூன்றாம் இடங்களும் அதற்கே கொடுக்கலாம். காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் காற்று மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தும். என் காரில் 90-இல் 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட், 110-இல் 17.5. பேட்டரியின் 80 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் 285-க்கும் 228-க்கும் உள்ள வித்தியாசம். கிட்டத்தட்ட இங்கிருந்து ஈப்போ போய்த் திரும்பும் தூரம். அதைக் காற்று தின்றுவிட்டது.

ஏசியைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நம் வெயிலில் அது ஒன்றிலிருந்து இரண்டு கிலோவாட் வரை இழுக்கலாம், உள்ளே குளிர்ந்ததும் இன்னும் குறைவு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் போகும்போது அது ஒரு யூனிட் சொச்சம்தான். நெரிசலில் மூன்று மணி நேரம் நின்றால் மூன்று நாலு யூனிட். ஆகவே வியர்த்து வழிந்துகொண்டு 110-இல் போவதைவிட, ஏசியோடு 95-இல் போங்கள்.

மழையில் ஈரச்சாலை டயரைப் பிடித்து இழுக்கும், கொஞ்சம் கூடும். டயர் காற்று குறைந்தால் கூடும். பின்னால் நாலு சாக்கு டுரியான் ஏற்றினால் கூடும், கூடவே வாசனையும்.

மலை தனிக்கதை. அதற்கு ஒரு கணக்கும் ஒரு சம்பவமும் இருக்கிறது.

ஆளும் சாமானுமாக 1,900 கிலோ எடையுள்ள காரை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏழு யூனிட்டுக்கு மேல் வேண்டும். சும்மா ஓடுவதற்குப் பிடிப்பது தனி. கேமரன் மலை ஏறக்குறைய அந்த உயரம்தான். போன வருடப் பள்ளி விடுமுறையில் மாமியாரோடு குடும்பமாகப் போனோம். வீட்டில் 85 விழுக்காடு. சிம்பாங் பூலாய் வரை 45 கிலோமீட்டருக்கு 14 போனது. அங்கிருந்து பிரிஞ்சாங் வரை 75 கிலோமீட்டர் மலையேற்றத்துக்கு 36. என் "ஒன்றுக்கு மூன்று" அங்கே "ஒன்றுக்கு இரண்டு" ஆகிவிட்டது. சரி, எதிர்பார்த்ததுதான், தங்கும் விடுதியில் சார்ஜர் இருக்கிறது என்று செயலி சொல்லியிருந்ததே.

சார்ஜர் இருந்தது. அதன் முன்னால் ஒரு பெட்ரோல் வேன் இரவெல்லாம் நின்றது. வரவேற்பில் கேட்டால் வேன்காரர் போனை எடுக்கவில்லை என்றார்கள். தேயிலைத் தோட்டம், காய்கறிச் சந்தை என்று சுற்றியதில் காலையில் 29. திரையில் மீதித் தூரம் 60 கிலோமீட்டர். மலையடிவாரமே 75. மாமியார் பின் இருக்கையிலிருந்து அந்த 60-ஐப் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளை, ஏசிய நிறுத்துங்க. வேணும்னா நான் எறங்கித் தள்ளுறேன்."

இறங்கினோம். பிரேக் மிதியை அதிகம் தொடாமல், மின்மோட்டாரே பிடித்து இறக்கும் முறையில். ஏறும்போது கொடுத்ததில் ஒரு பகுதியை இறங்கும்போது கார் திருப்பி வாங்கிக்கொள்ளும். சிம்பாங் பூலாய் வந்தபோது 20 விழுக்காடு. 75 கிலோமீட்டருக்கு ஒன்பதே ஒன்பது. திரையில் மீதித் தூரம் இப்போது 100. அறுபது காட்டிய கார் எழுபத்தைந்து ஓடிவிட்டு நூறு காட்டுகிறது. மாமியார், "இது என்ன கணக்கு?" என்றார். அன்றைக்குத்தான் நான் திரையை விழுக்காட்டுக்கு மாற்றினேன்.

மலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: என் காருக்கு வீட்டிலிருந்து ஏற 50, திரும்ப 23. ஏறும்போதே பாதிக்குக் கீழ் வந்துவிட்டால் பதற வேண்டாம். ஆனால் இறங்குவது சும்மா கிடைக்கும் என்று 10 விழுக்காட்டோடு கிளம்பவும் வேண்டாம். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். இன்னொன்று, பேட்டரி 100-இல் இருக்கும்போது மலையிறங்கினால் திருப்பி வாங்க இடமிருக்காது, மோட்டார் பிடிப்பு குறைந்து பிரேக் மிதியை அதிகம் நம்ப வேண்டிவரும். மேலே தங்கினால் 90 வரை போட்டாலே போதும்.

ஐந்தாம் படி: சார்ஜர் வேலை செய்யாது என்று நினைத்தே பயணம் போடுங்கள்

கோலாலம்பூர் பயணத்தை எடுத்துக்கொள்வோம், இங்கிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர். 100-இல் புறப்பட்டு 110-இல் போனால் நான் 20 விழுக்காட்டோடு போய்ச் சேர்வேன். காகிதத்தில் நிற்கவே தேவையில்லை. ஆனாலும் தாப்பாவில் நிற்பேன். அங்கே ஷெல் நிலையத்தில் 180 கிலோவாட் வேகச் சார்ஜர் உண்டு. ஒரு காப்பி, ஒரு கழிவறை, இருபது நிமிடம்.

ஏன் முன்னதாகவே நிற்கிறேன்? தாப்பாவுக்குப் போகும்போது எனக்கு 65-க்கு மேல் இருக்கும். அங்கே சார்ஜர் கெட்டிருந்தாலும், முன்னால் நாலு கார் நின்றாலும், "சரி, அடுத்தது" என்று போய்விடலாம். 12 விழுக்காட்டோடு வருபவருக்கு அந்த வசதி கிடையாது, வரிசையில் நின்றே ஆகவேண்டும். விதி இதுதான்: எந்தச் சார்ஜருக்குப் போனாலும், அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போகும் அளவு கையில் இருக்க வேண்டும். நகரத்துக்காரர் 10 விழுக்காட்டோடு போகலாம், அடுத்தது இரண்டு கிலோமீட்டரில். நமக்கு 20 முதல் 25.

வேகச் சார்ஜரில் 80-க்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்காராதீர்கள். அதற்குமேல் வேகம் குறைந்து சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். பின்னால் காத்திருப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை வேறு. சார்ஜர் 180 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கார் 80 கிலோவாட்தான் ஏற்கும் என்றால் 80தான் வரும். பக்கத்துக்காரர் சீக்கிரம் கிளம்புகிறாரே என்று சார்ஜரைக் குறை சொல்ல வேண்டாம்.

செயலிகளில் ஒன்று மட்டும் வைத்திருந்தால் போதாது. ஜென்தாரி, ஜோம்சார்ஜ், சார்ஜ்ஈவி, டெனாகாவின் எலெக்ட்ரான் என்று ஆளுக்கொன்று நடத்துகிறார்கள். உங்கள் வழியில் எவை இருக்கின்றனவோ அவற்றை வீட்டிலேயே இறக்கி, கணக்குத் திறந்து, கொஞ்சம் காசும் போட்டு வையுங்கள். லைன் வராத நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டு வங்கியின் ரகசிய எண் வருமா என்று போனைத் தலைக்குமேல் பிடித்து ஆட்டியவன் நான்.

செயலியில் பச்சையாகத் தெரிந்தால் மட்டும் நம்பாதீர்கள். மற்ற ஓட்டுநர்கள் கடைசியாக எப்போது அங்கே சார்ஜ் போட்டதாகக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நேற்று என்றால் நம்பலாம். மூன்று மாதத்துக்கு முன் என்றால் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். விடுதியென்றால், "சார்ஜர் இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இப்போ அது முன்னால எந்தக் கார் நிக்குது?" என்று கேளுங்கள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டிவரும்.

பெருநாள் காலம் வேறு மாதிரி. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஊர் திரும்பும் கூட்டம் நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் வரிசை கட்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள் முதல் நாளே, பகல் கூட்டத்துக்கு முன், வழியில் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் தைப்பூசத்துக்கு இப்போதெல்லாம் ஈப்போ கல்லுமலையோடு நிறுத்திக்கொள்கிறோம். சார்ஜருக்காக என்று வீட்டில் கிண்டல், முருகனுக்குத் தெரியும்.

ஆறாம் படி: உண்மையிலேயே கீழே போய்விட்டால்

20-க்கு வந்ததும் முடிவெடுங்கள். எங்கே போகிறோம், இரண்டாவது இடம் எது. முடிவெடுக்காமல் ஓட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

10-இல் இடது தடத்துக்கு வந்து 80-க்கு இறங்குங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே அதே சார்ஜில் கணிசமாகக் கூடுதல் தூரம் கிடைக்கும். பின்னால் லோரி வந்து நெருக்கும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டாம். ஏசியை 26-க்கு ஏற்றுங்கள், முழுவதும் அணைக்காதீர்கள். மழையில் கண்ணாடி பனித்துவிட்டால் சார்ஜை விடப் பெரிய பிரச்சினை. ஜன்னலைத் திறப்பதும் உதவாது, வேகத்தில் அது காற்றைப் பிடித்து இழுக்கும்.

5-இல், கார் நிற்கும் இடத்தைக் கார் முடிவு செய்வதற்குள் நீங்கள் முடிவு செய்யுங்கள். வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடம்: எண்ணெய் நிலையம், காவல் நிலையம், கோயில், பள்ளிக்கூடம். எந்தக் கோயில் தலைவரும் மூன்று முள் பிளக்கை மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய நாலு யூனிட், 25 கிலோமீட்டர். கோயில் உண்டியலில் ஐந்து வெள்ளி போட்டுவிடுங்கள், மின்கட்டணத்துக்கும் சரியாகிவிடும். சுழியத்துக்குக் கீழே ஒளித்துவைத்த மீதம் இருக்கும் என்று யாராவது சொன்னால், அதை நம்பி ஓட்டாதீர்கள்.

நின்றே போய்விட்டால்: ஓரத்தில் நிறுத்தி அபாய விளக்கு, முக்கோணம். நெடுஞ்சாலையில் என்றால் ஆட்களை இரும்புத் தடுப்புக்கு அப்பால் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலை நிறுவனமான பிளஸின் அவசர எண் 1800-88-0000-ஐக் கூப்பிடுங்கள். ஊர்ச்சாலையில் என்றால் காப்புறுதி நிறுவனத்தின் இழுவைச் சேவை. எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துப்போவார்கள் என்பதைப் பாலிசியில் இன்றைக்கே பார்த்துக் குறித்து வையுங்கள். கூப்பிடும்போது முதல் வார்த்தையாக, "மின்கார், முழுசா மேல ஏத்துற லோரி வேணும்" என்று சொல்லுங்கள். மோட்டார் இணைந்த சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால் மோட்டாரும் கூடவே சுற்றி மின்சாரம் உண்டாக்கும், பாகங்கள் கெடும். கயிறு கட்டி இழுக்க யாராவது அன்போடு முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

பின்னால் இன்னொரு மின்கார்க்காரர் வந்தால் கேட்டுப் பாருங்கள். பிஒய்டி, இ.மாஸ் போன்ற கார்களில் வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு. அவருடைய காரிலிருந்து உங்கள் மூன்று முள் கேபிளுக்குக் கொடுத்தால், அரை மணியில் ஒரு யூனிட் கிடைக்கலாம். ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் பல நேரம் அது போதும். சில கேபிள்கள் எர்த் இல்லையென்று இதை ஏற்காது. உங்கள் கேபிள் ஏற்குமா என்பதை நண்பரின் காரோடு வீட்டு வாசலிலேயே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று

பெரிய பேட்டரி 70 விழுக்காட்டில் இருக்கும்போதே கார் கதவைக்கூடத் திறக்க மறுக்கலாம். காரணம், பெட்ரோல் காரில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு. கணினி, பூட்டு, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அதை நம்பித்தான் உயிர் பெறுகின்றன. அது செத்தால் எல்லாம் செத்தது போலத்தான். திரை மெதுவாக எழுந்தாலோ, காரணமில்லாமல் எச்சரிக்கைகள் வரிசையாக வந்தாலோ அதை மாற்றிவிடுங்கள். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றும் வாங்குங்கள். ஆனால் அதைக் காரின் பின்பெட்டியில் பூட்டி வைத்தால் திறக்க முடியாமல் போகும். முன்பக்கக் கதவின் சாவித்துளை எங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்றைக்கே தேடிக் கண்டுபிடியுங்கள். என் காரில் கைப்பிடியின் மூடிக்குள்ளே இருந்தது. கண்டுபிடிக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது, அதுவும் பட்டப்பகலில்.